ஒரே நீளம், வேற தோட்டா: நுனியை நம்பி மாட்டிக்கிட்ட கதை

போன பொங்கல் லீவுல மரக்காணத்துல இருந்தேன். மழை முடிஞ்சு உப்பளத்துல பாத்தி சீர் பண்ற நேரம். அப்பா வரப்புல நின்னுக்கிட்டு இருந்தார், நான் செல்போனைப் பார்த்துக்கிட்டு சும்மா நின்னேன். டெக்சாஸ்ல இருக்கிற பெரியப்பா பையன்கிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. ரைஃபிளோட போல்ட் திறந்திருக்கு. உள்ளே பூரா கருப்பு கருப்பா மருந்துத் துகள். கையில ஒரு பித்தளைக் கூடு, அதுல குண்டு இல்லை. கீழே ஒரு வரி: "டேய், நீ மெக்கானிக்கல்தானே? இது ஏன்னு சொல்லு பார்ப்போம்."

அண்ணன் அங்கே வார இறுதியில இலக்குச் சுடுதல் போறவர். 308 வின்செஸ்டர் ரைஃபிள். கடையில வாங்கின தோட்டாவைச் சுட்ட பிறகு மிச்சமாகிற பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வச்சு, தானே தோட்டா கட்டிக்குவார். அங்கே அது சாதாரணப் பொழுதுபோக்கு. (நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அதனால இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு ஹாஸ்டல் ரூம்ல யாரும் எதையும் ஆரம்பிக்காதீங்க. இதுல நமக்கு வேண்டியது மெட்ராலஜி.)

போன் பண்ணினேன்.

"அண்ணா, என்ன ஆச்சு?"

"புது குண்டு ஒரு பெட்டி வாங்கினேன்டா, வேற கம்பெனி. பழைய குண்டுக்கு வச்ச அதே நீளம்தான் இதுக்கும் வச்சேன். ஒரு நூல் கூட மாறல. போல்ட் மூடும்போதே கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. சுடாம வெளிய எடுத்தா கூடு மட்டும் வருது, குண்டு பேரல்லயே நிக்குது."

ஒரு நூல்ங்கிறது நம்ம ஊர் ஆசாரி கணக்குல எட்டில் ஒரு இஞ்ச். அண்ணன் மாட்டிக்கிட்டது அதுல ஆறில் ஒரு பங்கு கூட இல்லாத தூரத்துல. நல்லவேளை, அவர் சுடலை.

முதல்ல தோட்டான்னா என்னன்னு ஒரு நிமிஷம். நாம பேச்சுவாக்குல தோட்டா, குண்டு ரெண்டையும் ஒண்ணாச் சொல்றோம். உண்மையில தோட்டா முழு செட்: பின்னாடி பிரைமர், நடுவுல மருந்து அடைச்ச பித்தளைக் கூடு, கழுத்துல செருகின குண்டு. சுட்டா பறக்கிறது குண்டு மட்டும்தான். கூட்டோட அடித்தட்டுல இருந்து குண்டோட நுனி வரைக்கும் இருக்கிற தூரத்துக்குப் பேர் மொத்த நீளம். குண்டைக் கழுத்துக்குள்ள கூடுதலா அமுக்கினா நீளம் குறையும், கம்மியா அமுக்கினா கூடும். அதாவது தோட்டா கட்டுறவரோட கையில இருக்கிற ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இது.

இதுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அமெரிக்காவுல 1926-ல இருந்து இந்த அளவுகளை எல்லாம் நிர்ணயிக்கிற அமைப்போட ஆங்கிலப் பேரைச் சுருக்கினா 'சாமி'ன்னு வரும். சாமி போட்ட கணக்குப்படி 308 வின்செஸ்டருக்கு உச்சம் 71.37 மில்லிமீட்டர். பழைய லீ என்ஃபீல்டு 303-க்கு 78.11. நம்ம என்.சி.சி.யில சுடுற 22-க்கு 25.4, சரியா ஒரு இஞ்ச். இந்த எண்கள் எதுக்குன்னா, யார் தயாரிச்ச தோட்டாவும் யார் தயாரிச்ச ரைஃபிளுக்குள்ளயும், அதோட மேகஸினுக்குள்ளயும் உட்காரணும். ஃபிட் டாலரன்ஸ்தான், வேற ஒண்ணும் இல்லை. துல்லியமாச் சுடும்னு அந்த எண் எந்த உத்தரவாதமும் தரலை. இந்த இடத்துலதான் அண்ணன் சறுக்கினார். மேனுவல்ல இருக்கிற நீளத்தை 'சரியான நீளம்'னு எடுத்துக்கிட்டார். அந்தப் பக்கத்துல உள்ள நீளம் குறிப்பிட்ட ஒரு குண்டை வச்சு, குறிப்பிட்ட ஒரு பேரல்ல சோதிச்சது.

பேரலுக்கு உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தாத்தான் இது புரியும். தோட்டா உட்கார்ற இடம் சேம்பர். அதுக்கு அடுத்து கொஞ்ச தூரம் வழவழப்பான தொண்டை. அதுக்கு அப்புறம்தான் திருகுவரி ஆரம்பிக்குது: சுருள் சுருளாப் போற பள்ளமும் மேடும். மேட்டுக்கு மேடு உள்விட்டம் 7.62 மில்லி. குண்டோட விட்டம் 7.82. குண்டு பெரிசு, ஓட்டை சிறிசு. அதனால சுடும்போது குண்டு அந்த மேடுகள்ல செதுக்கிக்கிட்டே நுழையும், சுழலும். சுடுறதுக்கு முன்னாடி குண்டுக்கும் மேடு தொடங்குற இடத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். அதை 'ஜம்ப்'ம்பாங்க. குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி மேட்டைத் தொடுறதுக்கு முன்னாடி தாண்டுற தூரம்.

இப்போ ஒரு கேள்வி. மேட்டை முதல்ல தொடுறது குண்டோட எந்தப் பகுதி?

நுனி இல்லை. நுனி ஊசி மாதிரி, அது ஓட்டைக்கு நடுவுல காத்துல நிக்கும். நுனியில இருந்து பின்னாடி வளைஞ்சு வளைஞ்சு தடிமனாகிற பகுதிக்கு ஓஜைவ்னு பேர். அந்த வளைவுல 7.62 மில்லி விட்டம் வர்ற வட்டம் எதுவோ, அதுதான் மேட்டைத் தொடும். அதுக்கும் நுனிக்கும் உள்ள தூரம் குண்டுக்குக் குண்டு மாறும். ஒண்ணு மெலிஞ்சு நீண்ட மூக்கு, இன்னொண்ணு தோள்பட்டை அகலமான மூக்கு. ரெண்டையும் நுனி வரைக்கும் ஒரே நீளத்துக்கு வச்சா, தோள்பட்டை அகலமானது மேட்டை முன்கூட்டியே இடிச்சுடும்.

அண்ணன் அளந்து அனுப்பின கணக்கு இது. ரெண்டு தோட்டாவும் நுனி வரைக்கும் 71.1 மில்லி. அடித்தட்டுல இருந்து ஓஜைவ் வட்டம் வரைக்கும் பழைய குண்டுல 56.0, புதுசுல 57.1. அவரோட ரைஃபிள்ல மேடு தொடங்குறது 56.6-ல. பழைய குண்டுக்கு 0.6 மில்லி ஜம்ப் இருந்துச்சு. புது குண்டு 0.5 மில்லி மேட்டுக்குள்ளயே போய் அழுந்திடுச்சு. போல்ட் டைட்டானது அதனாலதான். வெளிய இழுத்தப்போ கழுத்தோட பிடியை விட மேட்டோட பிடி கெட்டியா இருந்ததால, குண்டு அங்கேயே தங்கிடுச்சு.

இரண்டாம் வருஷ மெட்ராலஜி லேப்ல நாம எல்லாரும் கேட்ட ஒரு வார்த்தை டேட்டம். எந்த முகத்துல இருந்து அளக்கிறோம், எந்த முகம் வரைக்கும் அளக்கிறோம், அந்த முகம் வேலை செய்யுற முகமா? ரெக்கார்டு நோட்டுல எழுதி மார்க் வாங்கினேன், ஆனா புரிஞ்சது அந்த வரப்புல நின்னப்போதான். குண்டோட நுனி வேலை செய்யாத முகம். அதுலயும் போட்டிக்குப் பயன்படுத்துற குண்டுகள்ல நுனியில ஒரு சின்னத் துளை இருக்கும், விளிம்பு பிசிறு பிசிறா இருக்கும். ஒரே பெட்டியில எடுத்த குண்டுகள்லயே நுனி நீளம் கால் மில்லி, அரை மில்லி வித்தியாசப்படும். அதைப் பிடிச்சுக்கிட்டு வெர்னியர்ல நூறில் ஒரு பங்கு மில்லி படிக்கிறதுல என்ன பிரயோஜனம்?

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் உடனே டிகிரிக் குச்சியைக் காட்டினார். உப்பளத்துல உப்புத்தண்ணியோட அடர்த்தியைப் பார்க்கிற போமே ஹைட்ரோமீட்டரைத்தான் இங்கே அப்படிச் சொல்றோம். கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி இருக்கும். வெயில்ல காஞ்சு இருபத்தஞ்சுக்கு வந்தா உப்பு இறங்கும். முப்பதை நெருங்குறதுக்குள்ள மிச்சத் தண்ணியை வெளியேத்தணும், இல்லேன்னா மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். "குச்சி தண்ணியில மெதக்கறப்போ மேல ஏறி ஒட்டியிருக்கிற தண்ணிய பாத்துப் படிச்சா தப்பா வரும்டா, மட்டத்தப் பாத்துப் படிக்கணும்"ன்னார். அவர் டிப்ளமோ கூடப் படிக்காதவர்.

சரி, வேலை செய்யுற முகத்தை எப்படி அளக்கிறது? வெர்னியரோட ஒரு தாடையில கம்பேரேட்டர்னு ஒரு சின்னக் கட்டை மாட்டுவாங்க. அதுல மேட்டு விட்டத்துக்கு ஏறக்குறைய சமமான ஒரு துளை. குண்டோட மூக்கு அதுக்குள்ள போய், ஓஜைவ் வட்டத்துல முட்டி நிக்கும். நுனி எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

ரைஃபிள்ல மேடு எங்கே தொடங்குதுன்னு கண்டுபிடிக்க அண்ணன் செஞ்ச முறை ரொம்ப எளிமை. ரைஃபிள் காலி. போல்ட்டை மூடி, தட்டை முனை உள்ள ஒரு கம்பியைப் பேரல் வாய் வழியா விட்டு, போல்ட் முகத்துல முட்ட வச்சு, வாய் விளிம்புல கம்பியில ஒரு கோடு. (போல்ட் காக் ஆன நிலையில இருக்கணும். இல்லேன்னா ஃபயரிங் பின் வெளிய நீட்டிக்கிட்டு அளவைக் கெடுத்துடும்.) அப்புறம் போல்ட்டைக் கழட்டி, ஒரு வெறும் குண்டைப் பின்னாடி இருந்து பென்சிலால மெதுவாத் தள்ளி மேட்டுல முட்ட வச்சுக்கிட்டு, கம்பியை மறுபடியும் விட்டு நுனியில தொட்டு இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் உள்ள தூரம்தான், அந்த ரைஃபிள்ல அந்தக் குண்டு மேட்டைத் தொடுற மொத்த நீளம். அதே குண்டை வச்சே கம்பேரேட்டர் அளவுக்கு மாத்திக்கலாம். அஞ்சு தடவை செஞ்சு சராசரி எடுக்கச் சொன்னேன். முதல் மூணு தடவை 0.2 மில்லி அளவுக்கு மாறி மாறி வந்துச்சு, பென்சிலை எவ்வளவு அழுத்துறோம்ங்கிறதால. கை பழகின பிறகு ஒண்ணா வந்துச்சு.

நீளம் மாறினா துல்லியம் ஏன் மாறுதுங்கிறதுக்கு ரெண்டு காரணம் சொல்லலாம். ஒண்ணு, குண்டு மேட்டுக்குள்ள நுழையும்போது பேரலோட மையக்கோட்டுக்கு நேரா நுழையுதா, கோணலா நுழையுதாங்கிறது. கோணலா நுழைஞ்சா அந்தக் கோணல் வெளிய வர்ற வரைக்கும் கூடவே வரும். ரெண்டாவது அழுத்தம். ஐரோப்பாவோட சி.ஐ.பி. தரத்துல 308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4150 பார், அதாவது 415 மெகாபாஸ்கல். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல நாம பார்க்கிற சாதா மைல்ட் ஸ்டீல் 250-லயே வளைஞ்சு கொடுத்துடும். குண்டு கொஞ்சம் ஓடி வேகம் பிடிச்ச பிறகு மேட்டைத் தொட்டா அழுத்தம் நிதானமா ஏறும். ஏற்கனவே மேட்டுல இறுகி நின்னா, அசையாத கதவைத் தள்ற மாதிரி சட்டுனு ஏறும். அதனாலதான் நீளத்தை மாத்துறவங்க மருந்தளவைக் குறைச்சு வச்சுக்கிட்டு மறுபடியும் படிப்படியா ஏத்துவாங்க. அண்ணன் அன்னிக்கு உச்ச அளவு மருந்தோட, அதுவும் மேட்டுல இறுகின குண்டைச் சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் போன்ல கேட்கலை. அவரே கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

எத்தனை ஜம்ப் நல்லதுங்கிறதுக்கு ஒரே பதில் கிடையாது. பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரங்க பல பேர் மேட்டைத் தொட்டே வைப்பாங்க. வெதர்பி ரைஃபிள்கள்ல தொண்டையை வேணும்னே நீளமா விட்டிருப்பாங்க, அதுவும் நல்லாத்தான் சுடுது. பொதுவாப் பார்த்தா, வட்ட வில்லு குண்டோட பக்கச் சுவருக்கு வழுக்கிச் சேர்ற மாதிரி உள்ள டேஞ்சன்ட் ஓஜைவ் குண்டுகள் ஜம்ப்பைப் பெரிசா எடுத்துக்காது. காத்தைக் கிழிக்கிறதுக்காக மெலிஞ்சு, ஒரு முனையோட சேர்ற சீகன்ட் ஓஜைவ் குண்டுகள் கொஞ்சம் பிடிவாதம், கால் மில்லிக்கே குணம் மாறும். அதோட கீழ் வரம்பு ஒண்ணும் இருக்கு: குண்டோட உடம்பு கழுத்துக்குள்ள ஓரளவு ஆழமா நிக்கணும். ஒரு குண்டு விட்டம் அளவுக்காவது நிக்கட்டும்ங்கிறது பழைய கைக்கணக்கு. மேகஸின் நீளத்துக்குள்ளயும் அடங்கணும்.

ஆக, சோதிச்சுத்தான் பார்க்கணும். இந்தச் சோதனையிலதான் பாதிப் பேர் தங்களையே ஏமாத்திக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஏமாந்திருக்கேன்.

முதல் வருஷம் என்.சி.சி. கேம்ப்ல துப்பாக்கி டீமுக்கு செலக்ஷன். படுத்துக்கிட்டு 25 கஜத்துல 22 ரைஃபிள். முதல் மூணு ரவுண்டு இடது பக்கமா விழுந்துச்சு. ஆஹா, ரைஃபிள் இடது இழுக்குதுன்னு முடிவு பண்ணி, மீதியை வலது பக்கம் குறி வச்சுச் சுட்டேன். எல்லாம் வலது பக்கமே போச்சு. ரெண்டு புள்ளியில டீம் போச்சு. ரைஃபிள் எங்கேயும் இழுக்கலை. மூணு ரவுண்டை வச்சு முடிவெடுத்தது என் தப்பு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பைத்தான் தெரிஞ்சவங்க பத்து நிமிஷத்துல போட்டுப் பார்க்கலாம். குண்டு விழுற இடத்தை ரெண்டு அச்சுலயும் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்னு வச்சுக்குங்க, ஒவ்வொரு அச்சுலயும் திட்டவிலக்கம் சிக்மா. ஒரு குரூப்ல ரொம்பத் தள்ளியிருக்கிற ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம்தான் குரூப் அளவு. மூணு ரவுண்டு குரூப்போட சராசரி 2.4 சிக்மா, அஞ்சு ரவுண்டுன்னா 3.1, பத்துன்னா 3.8. ரவுண்டு கூடக் கூட குரூப் பெருசாகும், ரைஃபிள் மாறாமலே. முக்கியமான விஷயம், ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சுட்டாலும் மூணு ரவுண்டு குரூப் சராசரியில இருந்து சுமார் 37 சதவீதம் சிதறும். அஞ்சு ரவுண்டு 27 சதவீதம். அதாவது, எதையுமே மாத்தாம ஒரு தடவை 15 மில்லி குரூப்பும் அடுத்த தடவை 30 மில்லி குரூப்பும் வர்றது ரொம்ப சகஜம்.

அண்ணன் பழைய குண்டுக்கு ஆறு வேற வேற நீளம் வச்சு, நீளத்துக்கு மூணு ரவுண்டு சுட்டு, "0.4-ல சூப்பர், 0.5-ல மோசம், 0.6-ல மறுபடி சூப்பர்"னு ஒரு டேபிள் வச்சிருந்தார். அதைத்தான் பல வருஷமா நம்பிக்கிட்டு இருந்தார். அவரோட எண்களை எடுத்துச் சிமுலேஷன்ல ஓட்டிக் காட்டினேன். ஆறு நீளமும் ஒரே மாதிரி சுடுதுன்னு வச்சுக்கிட்டாலே அந்த மாதிரி டேபிள் சுலபமா வருது. சில பேருக்கு இதைச் சொன்னா கோபம் வரும். அண்ணனுக்கும் வந்துச்சு. ரெண்டு நாள் பதில் இல்லை.

அப்புறம் அவரே ஆரம்பிச்சார். புது குண்டுல மேட்டுக்கு 0.25, 1.0, 2.0 மில்லி பின்னாடின்னு மூணே மூணு நீளம், பெரிய இடைவெளி விட்டு. ஒவ்வொண்ணுக்கும் இருபது ரவுண்டு, மூணையும் மாத்தி மாத்திச் சுட்டார், பேரல் சூடும் காத்தும் ஒரே பக்கம் சாயாம இருக்க. 1.0 தெளிவா நல்லா வந்துச்சு. மத்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்லை.

நடுவுல ஒரு நாள் அப்பா போன்ல அண்ணன்கிட்ட வேற ஒண்ணு கேட்டார்: "அந்தத் துப்பாக்கி துருப்பிடிக்குமா?" நம்ம ஊர்ல சைக்கிள் செயினே மூணு மாசத்துல போயிடும், அதனால கேட்டார். அண்ணன் பழைய 303 கதையைச் சொன்னார். அந்தக் காலத்து பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடு ஆகிப் பேரலுக்குள்ள படியும். நம்ம உப்போட சொந்தக்காரன்தான். ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில துருப்பிடிக்க வச்சுடும். சிப்பாய்ங்க எண்ணெய் போடுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியைப் பேரல்ல ஊத்திக் கழுவுவாங்களாம். "பின்ன, உப்புன்னா தண்ணியிலதான் போவும், எண்ணெயில எங்க போவும்?"னு அப்பா சிரிச்சார். அந்த 303-க்கான கார்டைட் மருந்துக்காக 1904-ல நீலகிரியில ஆரம்பிச்சதுதான் அருவங்காடு தொழிற்சாலை. இன்னிக்கும் அங்கே உந்துமருந்து தயாராகுது. கார்டைட் நூடுல்ஸ் மாதிரி நீளக் கயிறா இருக்கும். கூட்டுக்குள்ள அந்தக் கயிற்றுக் கட்டை வச்ச பிறகுதான் கூட்டுக்குக் கழுத்தே ஒடுக்குவாங்க.

நம்ம காலேஜ்ல 22 சுடுறவங்க "எங்களுக்கு இதுல என்ன"ன்னு கேட்கலாம். 22 ரிம்ஃபயரைக் கையால கட்ட முடியாது, பிரைமர் மருந்து விளிம்புக்குள்ளயே இருக்கு. நீளத்தை மாத்துற உரிமை நமக்குக் கிடையாது. அதனால உலகத்தரப் போட்டியாளர்கள் தலைகீழா யோசிக்கிறாங்க: தோட்டாவை ரைஃபிளுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியலைன்னா, ரைஃபிளுக்குப் பிடிச்ச தோட்டாவைத் தேடு. எலி, லப்புவா மாதிரி கம்பெனிகளோட சோதனைக் கூடத்துக்கு ரைஃபிளைக் கொண்டுபோய், கிளாம்ப்ல இறுக்கி, லாட் லாட்டாச் சுட்டுப் பார்த்து, ஒத்துவர்ற லாட்டை மொத்தமா வாங்குவாங்க. 50 மீட்டர்ல பத்து வளையம் 10.4 மில்லிதான். 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின போட்டி அது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல பத்துங்கிறது அரை மில்லிப் புள்ளி. நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுறது அதைத்தான். அங்கேயும் பெல்லட் தலையோட விட்டம் 4.49, 4.50, 4.51னு தனித்தனியா விக்குது. எது பொருந்தும்னு சுட்டுப் பார்த்துத்தான் எடுக்கணும், அதுவும் மூணு பெல்லட்டை வச்சு இல்லை.

போன மாசம் அண்ணன்கிட்ட இருந்து இன்னொரு போட்டோ. ரைஃபிள் பெட்டியோட மூடிக்கு உள்பக்கம் மாஸ்கிங் டேப். அதுல பேனாவால மேடு தொடங்குற இடம், தேதி, அதுவரைக்கும் சுட்ட ரவுண்டு எண்ணிக்கை. முதல் வரி 56.6. அதுக்குக் கீழே புதுசா 56.7. சூட்டுல தொண்டை அரிச்சு மேடு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகருது, அது எல்லாப் பேரல்லயும் நடக்கிறதுதான். "இதுக்கு ஏத்தபடி குண்டையும் 0.1 முன்னாடி வைக்கணுமாடா?"ன்னு கேட்டிருந்தார். வைக்க வேண்டாம், மூணு நீளத்தையும் மறுபடி இருபது இருபது சுட்டுப் பாருங்கன்னு சொன்னேன். குண்டு விலை ஏறிடுச்சாம், திட்டிக்கிட்டே ஆர்டர் போட்டிருக்கார்.